ரைஸ்மில் கதையின் இரண்டாம் பாதி

என் காதுக்குச் சோறு போட்ட அண்ணன் கோவிந்தராஜனுக்கு,

பெரியசாமி பேசுகிறேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் பத்மா எழுதுகிறாள். என் பேச்சைப் படிக்கிற தமிழாக மாற்றுவது அவள் பொறுப்பு. நான் சொல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறேன். ‘சரி சித்தப்பா’ என்று தலையாட்டினாள். உங்கள் மகள்தானே, முழுசாக நம்புவதற்கில்லை.

உங்கள் முதல் திவசம் நெருங்குகிறது. அன்றைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று பத்மாவுக்கு ஆசை. நீங்கள் எனக்குச் சொன்ன கதைதான் அந்தப் புத்தகம். அண்ணி வேண்டாம் என்கிறார். அச்சடித்தால் நீங்கள் மூடி வைத்தது ஊருக்குத் தெரிந்துவிடும் என்கிறார். தாயும் மகளும் பேசிப் பார்த்துவிட்டு, முடிவை என் தலையில் கட்டிவிட்டார்கள். உங்களைக் கேட்காமல் நான் எந்தக் காரியத்தில் முடிவெடுத்தேன்?

நாம் சிநேகமானதே ஒரு புத்தகத்தால்தான். உங்கள் வீட்டு எதிரே வேப்பமரத்தடியில் என் இஸ்திரி வண்டி. மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் கால் ஊன்றிய புதிது. தபாலாபீஸ் கிளம்பும் அவசரத்தில் சட்டையை வாங்க வந்தீர்கள். கையில் புத்தகம். பெட்டி சூடேறக் காத்திருந்த நேரத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, “எப்படிய்யா இருக்கு?” என்றீர்கள்.

“இம்புட்டுப் பொய்ய எப்படி சார் கூசாம எழுதறாங்க?” என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் காக்கை பறந்தது. மறுநாள் காலை நாற்காலியோடு வந்துவிட்டீர்கள். “சார்னு கூப்பிட ஆபீஸ்ல ஆள் இருக்கா. நீ வேற ஏதாவது சொல்லு” என்றீர்கள். அண்ணே என்றேன். அன்றிலிருந்து அண்ணன்தான்.

என் கை துணியில், காது உங்கள் வாயில். ஒரு வேட்டிக்கு ஒரு பக்கம். பட்டுப்புடவை வந்தால் நான் நிதானிப்பேன், நீங்களும் நிதானிப்பீர்கள். சண்டை வருகிற பக்கத்தில் காலரை அழுத்தித் தேய்த்துவிடுவேன். “என்னய்யா, வில்லனையா தேய்க்கறே? அது பாங்க் மானேஜர் சட்டை” என்பீர்கள். புத்தகத்தின் பேரை நாம் என்றைக்கும் சொன்னதில்லை. கப்பல் கதை, பாம்பு கடித்த டாக்டர் கதை, மூணு மருமகள் கதை. நமக்குள் அதுதான் பேர்.

காகிதப் புத்தகம் எனக்கும் கொஞ்சம் பேசியது, அண்ணே. எழுத்து தெரியாவிட்டால் என்ன? உங்கள் வலது கைப் பக்கம் தடிமனாக இருந்தால் இன்னும் வெகுதூரம் போக வேண்டும் என்று தெரியும். அந்தப் பக்கம் மெலியத் தொடங்கினால் ஒரு கல்யாணமோ சாவோ வரப்போகிறது என்று நெஞ்சைத் தயார் செய்துகொள்வேன். பழைய புத்தகம் என்றால் வாசனை வரும். நல்ல கதையா என்பதை அழுக்கு சொல்லும்; பத்துப் பேர் கை பட்டுக் கறுத்த ஓரம் பொய் சொல்லாது.

கப்பல் கதை மழையில் நனைந்தது ஞாபகம் இருக்கிறதா? ஓடு விலகி, அலமாரிக்குள் ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறங்கியிருந்தது. காலையில் ஈரப் புத்தகத்தைச் செத்த குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தீர்கள். பெட்டியில் பாதிக் கரியைக் கொட்டிவிட்டு, பழைய மல்வேட்டியை மேலே போட்டு, ஒவ்வொரு தாளாக ஒற்றி எடுத்தேன். காய்ந்த தாளை நீங்கள் அங்கேயே வாசித்தீர்கள். அப்பளம் மாதிரி நெளிந்து போனாலும் புத்தகம் பிழைத்தது. அதை இன்றைக்கும் திறந்தால் லேசாகக் கரி வாசனை வருகிறது என்று பத்மா சொல்கிறாள்.

அப்புறம் உங்கள் கண்ணுக்கு நடுவில் ஒரு மறைப்பு விழுந்தது. “எழுத்தெல்லாம் எறும்பா ஓடறதுய்யா” என்றீர்கள். தில்லை நகர் டாக்டரிடம் போகும்போது பஸ்ஸில் நான்தான் கூட வந்தேன். ஓரப் பார்வை நிற்கும், நடுப் பார்வை போகப்போகக் குறையும் என்றார். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் நீங்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

பத்மா பெங்களூரிலிருந்து அந்த மெஷினைக் கொண்டுவந்தது அந்த தீபாவளிக்குத்தான். ஈ-ரீடர் என்றாள். நான் சிலேட்டு என்றேன், வீட்டில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. முதல் பார்வையில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒல்லிப் புத்தகமும் அதே எடை, குண்டுப் புத்தகமும் அதே எடை. வாசனை கிடையாது. வலது பக்கம் மெலிவதும் கிடையாது. சாவு வருவது தெரியாமலே வந்து நிற்கும்.

“இதத் தண்ணியில போட்டா நான் தேய்ச்சுக் குடுக்க முடியாதுண்ணே” என்றேன்.

“தேய்ச்சா உன் பெட்டி போயிடும், என் பெண்ணோட சம்பளமும் போயிடும்” என்றீர்கள்.

ஆனால் அதைத் திட்டினால் என் நாக்கு அழுகிவிடும். நீங்கள் விரலால் தொட்டதும் எழுத்து கடுகளவிலிருந்து மிளகளவானது, மிளகளவிலிருந்து புளியங்கொட்டையானது. உங்கள் முகம் அன்றைக்கு இருந்ததை நான் பார்த்தேன். இழுத்து மூடிய கடையை யாரோ திரும்பத் திறந்த மாதிரி இருந்தது. பத்து அலமாரி கொள்ளாத புத்தகம் அதற்குள் இருக்கிறதாம். கரையான் இல்லை, ஒட்டடை இல்லை. இரவல் வாங்கிப் போய் திருப்பித் தராத மூணாம் வீட்டுக்காரருக்கும் வழியில்லை. “இதை இரவல் குடுத்தா மொத்த லைப்ரரியும் போயிடும், அதனால யாருக்கும் கிடையாது” என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

ஒரே ஒரு வருத்தம் எனக்கு. முன்பெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும், “எங்கய்யா விட்டோம்?” என்று கேட்பீர்கள். கடைசி வாக்கியத்தை நான் அப்படியே சொல்வேன், நீங்கள் பக்கத்தைக் கண்டுபிடிப்பீர்கள். நாற்பது வருஷத்தில் நீங்கள் புத்தகத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்ததில்லை. சிலேட்டு வந்ததும், விட்ட இடத்தை அதுவே திறந்து காட்டியது. என் உத்தியோகம் போச்சு என்றேன். “உனக்கு ரிடயர்மென்ட் வயசு தாண்டியாச்சுய்யா” என்றீர்கள். அது உண்மைதான். வண்டியை மகன் எடுத்து கரன்ட் பெட்டிக்கு மாறிவிட்டான். நான் உங்கள் வீட்டுக்குள் வந்து வெறும் கையோடு உட்கார்ந்து கேட்கத் தொடங்கியிருந்தேன்.

ரைஸ்மில் கதையை அப்போதுதான் ஆரம்பித்தீர்கள். அண்ணன் சதாசிவம், தம்பி வேலாயுதம், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ரைஸ்மில். சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் பர்மாவுக்குப் போய்விடுகிறான். அந்த ஆசிரியர் வாக்கியங்களை நீட்டி நீட்டிக் கட்டுகிறவர். நடுவில் உங்களுக்கு மூச்சு வாங்கும். எழுத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிக் கடைசியில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வார்த்தைதான் நின்றது. விரலால் தட்டிக்கொண்டே இருப்பீர்கள். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி. மாடு வைக்கோல் மெல்லுகிற வேகம். எனக்கு அவசரம் இல்லை, நான் கேட்டேன்.

பிறகு ஒரு நாள் கதை ஓட ஆரம்பித்தது. தட்டல் நின்றது, தடங்கல் நின்றது. பர்மாவிலிருந்து சதாசிவம் திரும்பி வந்துவிட்டான். வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன. ஆட்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்தார்கள். மில்லுக்கு எதிரே இஸ்திரி போடுகிற ஒருவன் வந்தான்; அண்ணன் தம்பி இரண்டு பேர் சட்டையும் அவனிடம்தான் வரும், இரண்டு வீட்டு நியாயமும் அவனுக்குத் தெரியும், ஒரு வீட்டு நியாயம் மற்ற வீட்டுக்குத் தெரியாது. வேலாயுதத்தின் பெண்டாட்டி போடும் எலுமிச்சங்காய் ஊறுகாய்க்காகவே சதாசிவம் ஊர் திரும்பினான் என்று வந்த இடத்தில் நான் தொடையைத் தட்டிச் சிரித்தேன்.

“அண்ணே, மொதப் பாதிய விட ரெண்டாம் பாதி பிரமாதம். இந்தாளு இப்பத்தான் எழுதவே கத்துக்கிட்டாரு” என்றேன்.

உங்களுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அண்ணி தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. “சொல்றேன், ஆசிரியர்கிட்ட சொல்றேன்” என்றீர்கள். நான் அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கதையின் நடுவில் ஒரு நாள் நீங்கள் போய்விட்டீர்கள். வலது பக்கம் மெலிந்ததை நான் பார்க்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, பழக்கத்தில் காலையில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் வந்த பிறகுதான் எதற்கு வந்தேன் என்று உறைத்தது. பத்மா உள்ளே கூப்பிட்டாள். உங்கள் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் சிலேட்டு.

“சித்தப்பா, அப்பா விட்ட எடத்துலேர்ந்து நான் வாசிக்கட்டுமா? இது தானா காட்டும்.”

வாசிம்மா என்றேன். அவள் தொட்டாள், திறந்தது, வாசித்தாள். பர்மாவிலிருந்து தந்தி வருகிறது. சதாசிவம் காலராவில் செத்துப்போனான் என்று தந்தி. வேலாயுதம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மில்லின் சத்தத்தில் நிற்கிறான்.

“இரும்மா இரும்மா. சதாசிவம் எங்க செத்தான்? அவன் வந்து ஆறு மாசம் ஆச்சே. திருவானைக்காவல்ல வாடகைக்கு இருக்கான்.”

“திருவானைக்காவலா? கதை பூரா தஞ்சாவூர்ப் பக்கம்னா நடக்கறது?”

“எதிர்த்தாப்புல இஸ்திரிக் கடை இருக்குமே?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வயசானவருக்குத் துக்கத்தில் குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். அந்த மெஷினில் ஒரு வித்தை உண்டு, அண்ணே. ஒரு வார்த்தையைக் கொடுத்தால் புத்தகம் முழுக்கத் தேடிவிட்டு வந்து சொல்கிறது. காகிதத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பத்மா திருவானைக்காவல் என்று கொடுத்தாள். இல்லை என்றது. இஸ்திரி என்று கொடுத்தாள். இல்லை. ஊறுகாய் என்று நான் சொல்ல, அதையும் கொடுத்தாள். அதுவும் இல்லை.

சமையற்கட்டு வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

“தேடாதேடி. அதுல இருக்காது” என்றார். “அவருக்குப் போன ஆடியிலேயே எழுத்து ஒண்ணும் தெரியலை. நான்தான் தெனம் அதை சார்ஜ் போட்டு, கையில எடுத்துக் குடுப்பேன். ஒருநாள் தலைகீழாப் பிடிச்சிண்டு விறுவிறுன்னு வாசிச்சிண்டிருந்தார். பெரியசாமி எதிர்ல உக்காந்து ஆஹாங்கறார். நான் காப்பி குடுக்கற மாதிரி வந்து திருப்பி வெச்சுட்டுப் போனேன்.”

அண்ணே, இந்த உலகத்தில் நீங்கள் தலைகீழாகப் பிடித்தாலும் கண்டுபிடிக்காத ஒரே ஆளைத் தேடி எதிரில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

பத்மா அழுதாள். “போன்ல ‘நன்னாத் தெரியறதும்மா, உன் சிலேட்டு ஜோரா இருக்கு’ன்னு சொன்னாரே. ஏன் எங்கிட்ட மறைக்கணும்?” என்றாள். இந்த இடத்தை நான் சொல்லும்போது இப்போதும் எழுதாமல் நிறுத்திவிட்டாள். எழுதும்மா என்றேன். எழுதுகிறாள்.

அண்ணி அவளுக்குச் சொன்ன பதில் இதுதான்: “சொன்னா நீ பெங்களூருக்கு அழைச்சிண்டு போயிருப்பே. கண்ணு போனதுக்கு அவர் ஒருநாளும் அழலை. ‘காலம்பற பெரியசாமி வந்து உக்காந்துடுவானே, அவனுக்கு என்ன சொல்றது?’ன்னுதான் தவிச்சார்.”

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது அடையவளஞ்சான் வீதியில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியவில்லை. என்ன மனுஷர் நீங்கள்! கண் போன பிறகு, மனசிலிருந்து ஒரு ஊரையே கட்டி, அதில் ஆட்களைக் குடிவைத்து, நேற்றுச் சொன்னதோடு ஒரு நூல் பிசகாமல் இன்றைக்குத் தொடர்ந்தீர்களே. நான் கேட்டதில் அதுதான் ஆக நல்ல கதை. நான் ஆசிரியரைப் புகழ்ந்தபோது எதிரில் இருந்தது ஆசிரியர்தான் என்று தெரியாமல் போயிற்றே.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சிலேட்டு வைத்திருந்த கடைசிப் பக்கம், அண்ணன் செத்த தந்தி வருகிற பக்கம். அது வரைக்கும் வார்த்தை வார்த்தையாகத் தட்டி வந்திருக்கிறீர்கள். அந்தத் தந்தியை நீங்கள் எனக்கு வாசிக்கவில்லை. அங்கே நின்றது உங்கள் கண்ணா, மனசா? அண்ணன் செத்ததைத் தம்பியிடம் எப்படி வாசிப்பது என்று நினைத்தீர்களா? காகிதமாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மூடி வைத்த புத்தகம் யார் எதுவரை வந்தார் என்று காட்டிக்கொடுக்காது. சிலேட்டு காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்காக அதன்மேல் கோபப்படவா, கும்பிடவா? அது சொல்லாவிட்டால் கடைசிவரை வேறு யாரையோ புகழ்ந்துகொண்டு இருந்திருப்பேன்.

அதற்கப்புறம் பத்மா லீவை நீட்டித்துக்கொண்டு, தினமும் காலையில் என் எதிரில் போனை வைத்தாள். நீங்கள் சொன்ன இரண்டாம் பாதியை நான் முதலிலிருந்து சொன்னேன். நீங்கள் குரலை நிறுத்திய இடத்தில் நிறுத்தி, நீங்கள் இழுத்த இடத்தில் இழுத்து. ஒருநாள் சதாசிவம் ரயிலிலிருந்து இறங்கும் இடத்தைச் சொல்லும்போது உள்ளேயிருந்து அண்ணி குரல் வந்தது: “அங்க மழை பெஞ்சிண்டிருந்ததுன்னு சொன்னார், விட்டுட்டேள்.” அவரும் அடுப்படியிலிருந்து அத்தனையும் கேட்டிருக்கிறார்!

பத்மா அதையெல்லாம் எழுத்தாக்கிச் சிலேட்டில் ஏற்றி, அதையே சத்தமாக வாசிக்கச் சொன்னாள். ஒரு பெண் குரல் வாசித்தது. அதற்கு எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரியவில்லை. ஊறுகாய்க்கும் சாவுக்கும் ஒரே குரல். ஆனாலும் இருமவில்லை, களைக்கவில்லை, எழுத்து தெரியாதவனை இளக்காரமாகப் பார்க்கவில்லை. நான் இரண்டு தடவை கேட்டேன். கண்ணும் இல்லாமல் அண்ணனும் இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களுக்கு இது தெய்வம்தான்.

இப்போது உட்கார்ந்து பேச்சு. “அச்சு வேண்டாம்னா இதுலயே இருக்கட்டும் சித்தப்பா, குடும்பத்துக்குள்ள மட்டும்” என்கிறாள் பத்மா. அண்ணியின் பயம், ‘கண் தெரியாமல் பொய்யாக வாசித்தார்’ என்று வீதி சிரிக்கும் என்பது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சிலேட்டுக்குள் வைத்தால் பத்திரம். ஆனால் தெரிந்தவன் போய்த் தட்டினால்தான் திறக்கும். காகிதம் கண்ட இடத்தில் கிடக்கும். பஸ்ஸில் வருகிறவன், கடையில் பொட்டலத்துக்குக் காத்திருக்கிறவன், எவனாவது ஒருவன் எடுத்துப் புரட்டிவிட்டுப் பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவான். நீங்கள் எனக்குக் கிடைத்தது அப்படித்தானே?

“அண்ணி, அவர் பொய்யா வாசிக்கல. எழுதினாரு. எழுதினவரு பேர் அட்டையில இருக்கணுமா, வேணாமா?” என்றேன், இப்போதுதான், இந்தக் கடிதத்தின் நடுவில்.

அண்ணி பத்மாவைப் பார்த்து, “அச்சே போடு. பெரிய எழுத்தாப் போடச் சொல்லு. ஊறுகாய் என்னோடதுன்னு ஒரு வரி சேர்த்துக்கோ” என்றார். மூவரும் சிரித்தோம். சிலேட்டிலும் இருக்கும், காகிதத்திலும் இருக்கும். இரண்டுக்கும் சண்டை மூட்ட நான் யார்?

பத்மாவுக்கு ஒரு யோசனை இருந்தது. நீங்கள் முடிக்காமல் விட்ட கதைக்கு அந்தப் புத்தகத்தின் முடிவையே எடுத்து ஒட்டிவிடலாமா என்றாள். கூடாது என்றேன். அதில் சதாசிவம் செத்தவன். நம் கதையில் அவன் உயிரோடு இருக்கிறான்.

நீங்கள் கடைசியாகச் சொன்ன வாக்கியம் இது: “மில் நின்றுவிட்டது; சதாசிவம் கதவைத் தட்டினான்; உள்ளே வேலாயுதம் ‘யாரது?’ என்றான்.” அன்றைக்கு அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார், நீங்கள் நாளைக்கு என்றீர்கள்.

புத்தகத்தில் அந்த இடத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். மீதியை அச்சில் ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. நாளைக் காலையிலிருந்து நான் வந்து உங்கள் நாற்காலிக்கு எதிரில் உட்காருவேன். இதுவரை ஒரு கதைகூடச் சொல்லியறியாதவன் நான். தப்பும் தவறுமாகத்தான் வரும், நீங்கள் இருமக் கூடாது. வேலாயுதம் எழுந்து வருகிறான். வெளியே நிற்பது யாரென்று அவனுக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது. தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறான்.

அந்தக் கதவை நான் திறந்துவிடுகிறேன்.

உங்கள் உடன்பிறவாத் தம்பி,
பெரியசாமி